மதிப்பெண்ணுக்கு எட்டாத பரிசு

1904ஆம் ஆண்டு கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில், ஊரார் வழக்கில் டவுன் ஹைஸ்கூலில், ஒரு மாணவருக்குக் கணிதத் திறமைக்கான கே. ரங்கநாத ராவ் பரிசு வழங்கப்பட்டது. மெட்ரிகுலேஷன் தேறிப் பள்ளியிலிருந்து விடைபெறும் நிலையில் இருந்த அவருக்கு வயது பதினாறு. அவரை அறிமுகம் செய்த தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணுக்கும் மேலாக ஏதேனும் வழங்க இயலுமானால் அது இவருக்கே உரியது என்ற பொருள்படப் பேசினார். அந்த மாணவர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் கதை நம்மிடையே பெரும்பாலும் கேம்பிரிட்ஜிலிருந்தே தொடங்குகிறது. ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1729 என்னும் எண், நாமகிரித் தாயார், நோய், அகால மரணம் என்று அது ஓடிவிடுகிறது. பள்ளி நாட்கள் முன்னுரையில் இரண்டு வரியாக நின்றுவிடுகின்றன. நாம் அந்த இரண்டு வரியிலேயே சற்றுத் தங்க விரும்புகிறோம். பெயர் பெற்ற பின் பாராட்டுவது உலகத்துக்கு எளிது. பெயரே இல்லாத நாளில், அளவுகோலே பற்றாது என்று ஒரு பள்ளி தன் மாணவனைப் பற்றிச் சபையில் சொன்னது எப்படி? அதைச் சொல்லும் துணிவு அதற்கு எங்கிருந்து வந்தது?

*

அந்நாளைய கும்பகோணத்தை முதலில் நினைவில் கொள்வோம். காவிரிக் கரையில் இருந்த அரசினர் கல்லூரியைத் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று புகழும் வழக்கம் இருந்தது. 1880 முதல் 1903 வரை அங்கே தமிழாசிரியராக இருந்தவர் உ. வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணி அச்சேறிய 1887ஆம் ஆண்டின் கடைசியில், டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் ராமானுஜன் பிறந்தார். மணிமேகலை பதிப்பு வெளிவந்த 1898இல் அவர் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஒருவர் ஏட்டுச் சுவடியில் மூழ்கியிருக்க, மற்றவர் சிலேட்டும் கையுமாகச் சாரங்கபாணி சன்னிதித் தெருத் திண்ணையில் அமர்ந்திருந்தார். ஒரே ஊர், ஒரே காலம்.

வீட்டில் வசதி இல்லை. தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடைக் கணக்கர். மாதம் ஏறக்குறைய இருபது ரூபாய் சம்பளம். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல் பாடிச் சிறிது ஈட்டினார். வெளியூரிலிருந்து கல்லூரியில் படிக்க வந்த மாணவர்களுக்கு வீட்டில் இடமும் சாப்பாடும் கொடுத்து அதில் கிடைத்த பணமும் குடும்பத்துக்கு உதவியது. 1897 நவம்பரில் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் ராமானுஜன் தஞ்சை மாவட்டத்தில் முதலாவதாகத் தேறினார். அதன் பயனாக உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு அரைச் சம்பளச் சலுகை கிடைத்தது. ஆக, பள்ளியின் கதவைத் திறந்துவிட்டதும் ஒரு தேர்வுதான். தேர்வு முறையை ஒரேயடியாகப் பழிக்கப் புகுவோர் இதையும் மறந்துவிடலாகாது.

மதிப்பெண் அவருக்கும் பொருட்டாகத்தான் இருந்தது. இளம் வகுப்பொன்றில் எண்கணிதத் தேர்வில் அவர் 45க்கு 42 வாங்க, நண்பர் சாரங்கபாணி 43 வாங்கிவிட்டாராம். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக நண்பரோடு பேச மறுத்தார் என்று ஒரு செய்தி உண்டு. மேதைகளும் முதலில் குழந்தைகளே.

*

பி. வி. சேஷு ஐயரும் ஆர். ராமச்சந்திர ராவும் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, 1927இல் வெளியான ராமானுஜனின் கட்டுரைத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. இருவரும் அவரை நேரில் அறிந்தவர்கள். அக்குறிப்பு அவர் பள்ளிப் பருவத்தைப் படிப்படியாகச் சொல்கிறது. இரண்டாம் பாரத்தில் கணிதத்தின் மிக உயர்ந்த உண்மை எது என்று மேல்வகுப்பு மாணவர்களைக் கேட்டுத் திரிந்தார். பித்தாகரஸ் தேற்றம் என்றனர் சிலர். பங்குச் சந்தைக் கணக்கு என்றனர் வேறு சிலர். மூன்றாம் பாரத்தில், எந்த எண்ணையும் அதனாலேயே வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் விளக்கியபோது எழுந்து, சுழியைச் சுழியால் வகுத்தாலுமா என்று கேட்டார். நான்காம் பாரத்தில் அண்டை வீட்டு பி.ஏ. மாணவரிடம் லோனியின் திரிகோணமிதி நூலின் இரண்டாம் பகுதியை வாங்கித் துணையின்றிப் படித்து முடித்தார். ஐந்தாம் பாரத்தில் சைன், கொசைன் பற்றிய ஆய்லரின் தேற்றத்தைத் தாமே கண்டடைந்தார். அது முன்பே கண்டறியப்பட்ட ஒன்று என்று தெரியவந்ததும், எழுதிய தாளை வீட்டுக் கூரையில் செருகி மறைத்துவிட்டார். ஆறாம் பாரத்தில், 1903இல், அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒரு நண்பர் மூலம் அவர் கைக்கு வந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவல் இல்லாமலே அடுக்கிச் செல்லும் நூல் அது. ஒவ்வொன்றுக்கும் தாமே நிறுவல் காணப் புகுந்தார். அன்று பற்றிய தீ பின்னர் அணையவே இல்லை.

இந்த வரிசையில் வரும் மனிதர்களை எண்ணிப் பார்க்கவேண்டும். மேல்வகுப்பு மாணவர், பொறுமையோடு கேட்ட ஆசிரியர், அண்டை வீட்டு பி.ஏ. மாணவர், நூலகத்திலிருந்து நூல் எடுத்துத் தந்த நண்பர். தனியே முளைத்த மேதை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். முளைத்தது தனியேதான், நீர் வார்த்தவர் பலர். பள்ளி, கல்லூரி, தெரு, திண்ணை ஆகியவற்றுக்கிடையே நூல்களும் புதிர்களும் கைமாறிக்கொண்டிருந்த ஓர் ஊரில்தான் அது முளைத்தது.

பள்ளித் தோழர் சி. வி. ராஜகோபாலாச்சாரி நினைவுகூர்ந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. (இவர் மூதறிஞர் ராஜாஜி அல்லர், வேறொருவர்.) ஓர் எண்ணின் வர்க்கமூலத்தோடு மற்றோர் எண்ணைக் கூட்டினால் 7, முதல் எண்ணோடு இரண்டாவதன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11, எண்கள் எவை? மேல்வகுப்பாருக்கே உரிய இந்தக் கணக்குக்கு ராமானுஜன் அரை நிமிடத்தில் 9, 4 என்று விடை சொன்னாராம். இந்தத் தோழரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் வருவார்.

நமக்கு இவையெல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஏறத்தாழ 1,200 மாணவர்களும் 35 ஆசிரியர்களும் கொண்ட பள்ளிக்கு, வகுப்புகள் ஒன்றோடொன்று மோதாதபடி கால அட்டவணை அமைப்பது எத்தகைய தலைவலி என்பதை ஆசிரியப் பணியில் இருப்போர் அறிவர். கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அந்தப் பொறுப்பை ராமானுஜனிடம் ஒப்படைத்தார். ஒரு முறையோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் அது அவர் வேலையாயிற்று. ஒரு பள்ளி தன் மாணவனுக்குச் செய்யக்கூடிய சிறப்புகளில் இதற்கு மேல் ஒன்று உண்டா என்று தெரியவில்லை. பரிசு அவன் பெறுவது. இதுவோ அவனிடமிருந்து பள்ளி பெற்றது. உன் திறமை எங்களுக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லாமல் சொன்ன செயல் அது. ஆங்கிலக் கவிதை நூல்களும் நற்சான்றிதழ்களும் பரிசாகக் கிடைத்தன என்பர். அவற்றையெல்லாம்விட அந்தக் கால அட்டவணையே அவரைப் பள்ளியின் உறுப்பினராக்கியது.

கிருஷ்ணசாமி ஐயரின் துணிவு வந்த இடம் இதுதான் என்று நாம் கருதுகிறோம். ஆறு ஆண்டுகள் கண்ணெதிரே பார்த்துப் பழகிய பலருடைய அறிவின் திரட்சி அது. விடைத்தாளைத் திருத்தி மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாது.

*

அடுத்து நடந்தது எல்லோரும் அறிந்ததே. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி காட்டியதற்காகச் சுப்பிரமணியம் உதவித்தொகை பெற்று ராமானுஜன் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் பின்தங்கியதால் மேல்வகுப்புக்குச் செல்ல முடியாமற் போயிற்று, உதவித்தொகையும் நின்றது. 1905இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து நோயுற்றுத் திரும்பினார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எஃப்.ஏ. எழுதினார், தேறவில்லை.

இந்த இடத்தில் கும்பகோணம் கல்லூரியின் முந்தைய செயல் ஒன்றை எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1880இல் சாமிநாதையர் அங்கே வேலைக்குச் சென்றபோது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற கல்வியும், அப்பதவியிலிருந்து விலகிய தியாகராச செட்டியாரின் பரிந்துரையுமே அவருக்கு இருந்தன. கல்லூரியார் அவர் புலமையை நேரில் சோதித்து அறிந்து ஏற்றுக்கொண்டார்கள். தமிழுக்குச் சங்க நூல்கள் அச்சில் கிடைத்ததில் அந்த முடிவுக்கும் பங்கு உண்டு. கால் நூற்றாண்டுக்குப் பின் அதே கல்லூரியில் ராமானுஜனுக்காக வளைந்துகொடுக்க விதியில் இடமில்லை. மனிதர்கள் மாறிக் கெட்டுவிட்டார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. ஆசிரியரை அமர்த்துவது கல்லூரியின் கையில் இருந்தது. மாணவரைத் தேற்றுவது பல்கலைக்கழகத்தின் பொதுவிதியில் இருந்தது. அறிந்தவர் சான்று சொல்ல ஒருவரை ஏற்பது ஒரு முறை; எல்லோரையும் ஒரே கோலால் அளப்பது மற்றொரு முறை. முன்னதில் வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதம் நுழையும் அபாயம் உண்டு. பின்னதில் கோலுக்கு அடங்காதவன் விழுந்துபோகும் அபாயம் உண்டு. ராமானுஜன் விழுந்தார்.

அவர் இளமையில் இறந்ததைவிட, இந்த ஆண்டுகள் வழிகாட்டலின்றிக் கழிந்ததே பெரிய அவலம் என்று ஹார்டி பிற்காலத்தில் கருதினார்.

விழுந்தவரைத் தூக்கிவிட்டதில் மீண்டும் பழைய உறவுகளே முன்னின்றன. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயரை ராமானுஜன் திருக்கோவிலூரில் சென்று கண்டார். கும்பகோணம் கல்லூரியில் அவரை அறிந்திருந்த சேஷு ஐயர், அப்போது நெல்லூர் ஆட்சியராக இருந்த ராமச்சந்திர ராவுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார். மனமுடைந்து ஊர் திரும்ப எண்ணியிருந்தவரைச் சென்னையில் தடுத்து நிறுத்தி, ராமச்சந்திர ராவிடம் அவருக்காகப் பேசியவர் பள்ளித் தோழர் ராஜகோபாலாச்சாரி. அரை நிமிடத்தில் கிடைத்த அந்த விடையை அவர் மறந்திருக்கவில்லை. ராமச்சந்திர ராவ் ஏறக்குறைய ஓராண்டு மாதம் 25 ரூபாய் அளித்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாயில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம், அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை, 1914இல் கப்பல், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பெருமை. தலைமையாசிரியர் சபையில் சொன்ன சொல்லை உலகம் வழிமொழியப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

*

அந்நாளைப் பொற்காலமென்று பாடுவது நம் நோக்கமன்று. பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் உயர்நிலைப் பள்ளியின் படியை எளிதில் மிதிக்க இயலாத காலம் அது. நூல்கள் கைமாறிய தெருவில் நுழையவே முடியாதவர் எத்தனையோ பேர். அவர்களுள் எந்த மேதை கண்டுகொள்ளப்படாமலே போனார் என்று சொல்ல எந்தக் குறிப்பும் இல்லை. பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் உரியதாக விரியப் பல்லாண்டு ஆயிற்று. 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டமும், அதன்பின் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய, ஊர்மக்களே தம் பள்ளிக்கு வேண்டியதை வழங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அவ்வழியில் பெரிய அடிகள்.

கொண்டாட்டம் என்பதன் பொருளும் இடையில் மாறிவிட்டது. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்ற பட்டியலும், மதிப்பெண்ணோடு முகம் அச்சிட்ட விளம்பரப் பலகைகளுமே பள்ளியின் பெருமையாக நீண்ட காலம் நின்றன. 2017இல் தமிழ்நாட்டு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் பட்டியலை நீக்கியதோடு வேலை முடிந்துவிடாது. பட்டியல் இருந்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்ற கேள்வி எஞ்சுகிறது.

ஆண்டுவிழா மேடையில் ஒரு மாணவரைப் பற்றி அவர் மதிப்பெண்ணைச் சொல்லாமல் ஐந்து நிமிடம் பேச நம் ஆசிரியர்களால் இன்று இயலுமா? பேசுவதற்கு அவரை அறிந்திருக்கவேண்டும். அறிவதற்கு நேரம் வேண்டும். வகுப்பில் தலைகள் குறைவாக வேண்டும். சுழியைச் சுழியால் வகுத்தாலுமா என்று கேட்பவனை உட்காரச் சொல்லாத பொறுமை வேண்டும். பள்ளி வேலை ஏதேனும் ஒன்றை அவனை நம்பி ஒப்படைக்கவும் வேண்டும். கிருஷ்ணசாமி ஐயரையும் கணபதி சுப்பையரையும் கணித வரலாறு பெரிதாகப் பேசுவதில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 22ஐத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடும் நம் பள்ளிகள், மாணவரின் படத்துக்கு மாலையிடும்போது அந்த இரு ஆசிரியர்களின் பெயரையும் ஒருமுறை உரக்கச் சொன்னால் நன்று.