வல்லரசுச் சண்டையும் கறுப்பர் விடுதலையும்

1961 ஜூன் மாதம். ஆப்பிரிக்காவில் புதிதாக விடுதலை பெற்ற சாட் நாட்டின் தூதுவர் ஆதம் மாலிக் சோ நியூயார்க்கிலிருந்து வாசிங்டனுக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறார். அதிபர் கென்னடியிடம் நியமனப் பத்திரம் கொடுக்க வேண்டும். மேரிலாண்ட் மாநிலத்தில், 40ஆம் எண் நெடுஞ்சாலை ஓரம் ஒரு சாப்பாட்டுக் கடை. காப்பி குடிக்கலாமென்று உள்ளே போனவரிடம், கறுப்பர்களுக்கு இங்கே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் பத்திரிகைக்காரர்கள் போய்க் கேட்டபோது கடைக்கார வெள்ளைக்காரம்மா சொன்ன சமாதானம் இது: அவர் தூதுவர் என்று எனக்கு எப்படித் தெரியும், சாதாரணக் கறுப்பன் மாதிரிதானே இருந்தார்.

இந்தப் பதிலை இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. தூதுவரைத் திருப்பி அனுப்பியதுதான் தப்பாம். உள்ளூர்க் கறுப்பருக்குக் காப்பி இல்லை என்பது தப்பே இல்லை, அது வழக்கம். கென்னடி அரசாங்கத்தின் கவலையும் ஏறக்குறைய இதேதான். 1960ஆம் ஆண்டு மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை அடைந்திருந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஐ.நா.வில் ஒரு ஓட்டு. அந்த ஓட்டு மாஸ்கோ பக்கம் போய்விடக் கூடாது. அதற்காக வெளியுறவுத் துறை ஆட்கள் அந்தச் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி முதலாளிகளிடம் பேசினார்கள்.

அதே வருஷம் ஆகஸ்டில் பால்டிமோர் ‘ஆஃப்ரோ அமெரிக்கன்’ பத்திரிகையின் கறுப்பு நிருபர்கள் மூணு பேர் ஒரு காரியம் செய்தார்கள். இல்லாத ஒரு ஆப்பிரிக்க நாட்டின் பேரைச் சொல்லிக்கொண்டு, பிரமுகர் வேஷம் கட்டி, பெரிய காரில் அதே சாலையில் கிளம்பினார்கள். எல்லாக் கடையிலும் இல்லை, சில கடைகளில் மேசை கிடைத்தது, சாப்பாடும் வந்தது. சொந்த நாட்டில் உட்கார்ந்து சாப்பிட அவர்கள் அந்நியனாக வேஷம் போட வேண்டியிருந்தது.

பனிப்போர் என்றதும் நமக்குப் பாடப் புத்தகம் சொல்லித் தந்தது ட்ரூமன், ஸ்டாலின், அணுகுண்டு, பெர்லின் சுவர், கியூபா ஏவுகணை. ரெண்டு பெரிய வீட்டுச் சண்டை. அதைக் கீழே கிடந்தவன் பக்கமிருந்து பார்த்தால் வேறு கதை தெரியுது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். உலகம் ரெண்டுபட்டபோது அமெரிக்கக் கறுப்பருக்குக் கொண்டாட்டமா திண்டாட்டமா? ரெண்டும்தான். அதை நாம் தெரிஞ்சுக்கணும்.

1946 ஜூனில் தேசிய நீக்ரோ காங்கிரஸ் என்ற அமைப்பு, கறுப்பர் மீதான ஒடுக்குமுறையை விசாரிக்கச் சொல்லி ஐ.நா.வுக்கு மனுக் கொடுத்தது. இந்தச் செய்தி இங்கே ஒருவர் கண்ணில் பட்டது. பாபாசாகேப் அம்பேத்கர். அடுத்த மாதமே அவர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞருக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாதார் நிலைமையும் கறுப்பர் நிலைமையும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதைச் சொல்லி, தீண்டப்படாதாரும் இதே வழியில் போக யோசிப்பதாகவும், அந்த மனுவில் ரெண்டு மூணு பிரதி கிடைக்குமா என்றும் கேட்டார். டு பாய்ஸ் அந்த மாதக் கடைசியிலேயே பதில் எழுதினார். ரெண்டு பேருமே உள்ளூரில் நியாயம் கிடைக்காது என்று கண்டு வெளியே கதவைத் தட்டியவர்கள்.

1947 அக்டோபரில் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்காக டு பாய்ஸ் தொகுத்த இன்னொரு மனு ஐ.நா.வுக்குப் போனது. அதை எடுத்து விசாரிக்கணும் என்றது சோவியத். தடுத்தது அமெரிக்கத் தரப்பு. மனித உரிமை ஆணையத்துக்கு அப்போது தலைவர் எலினார் ரூஸ்வெல்ட். அந்த அம்மா அதே என்.ஏ.ஏ.சி.பி.யின் நிர்வாகக் குழுவிலும் இருந்தவர், கறுப்பர்களுக்கு நல்லவர் என்று பேர் வாங்கியவர். ரஷ்யாக்காரன் கையில் இது ஆயுதமாகிவிடும் என்று அவரே ஒதுக்கினார். நல்லவர்களின் நல்லது எங்கே போய் நிற்கும் என்பது நமக்குப் புதுசு இல்லை. 1948இல் டு பாய்ஸை அந்த அமைப்பே வேலையிலிருந்து நீக்கியது.

ஆனால் போட்ட விதை வீண்போகவில்லை. ‘சுதந்திர உலகம்’ என்று நெஞ்சை நிமிர்த்திய நாட்டுக்கு அந்தக் கறையை மறைக்க முடியவில்லை. 1948 ஜூலையில் ராணுவத்தில் சமவாய்ப்பு தரச் சொல்லி ட்ரூமன் ஆணை போட்டார். 1951இலிருந்து 1953 வரை தில்லியில் அமெரிக்கத் தூதுவராக இருந்த செஸ்டர் பௌல்ஸ், ஆசியாவில் எங்கே போனாலும் கறுப்பர் பற்றிய கேள்விதான் முதலில் வருகிறது என்று சொன்னார். (கேட்ட இந்தியக் கனவான்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்ச் சேரியைப் பற்றி அப்படிக் கேட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.) 1952 டிசம்பரில் பள்ளிப் பிரிவினை வழக்கில் அமெரிக்க அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதம் தாக்கல் செய்தது. இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரச்சாரத்துக்குத் தீனி போடுகிறது என்பது அதில் வெளிப்படையாக எழுதியிருந்தது. 1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மணி நேரத்துக்குள் அமெரிக்க அரசின் வானொலி அதைக் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு ஒலிபரப்பியது. உள்நாட்டில் ஒரு கறுப்புக் குழந்தைகூட இன்னும் வெள்ளைப் பள்ளிக்குள் போகவில்லை, அதற்குள் வெளிநாட்டுக்கு விளம்பரம் போய்விட்டது.

1957 செப்டம்பர் 4. ஆர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக். எலிசபெத் எக்ஃபோர்ட் என்ற 15 வயதுப் பெண் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி தனியாக நடக்கிறாள், பின்னால் வெள்ளைக் கும்பல் கத்திக்கொண்டு வருகிறது. வாசலில் மாநிலப் படை அவளைத் தடுக்கிறது. அந்தப் படம் உலகம் பூரா போனது. மூணு வாரம் கழித்து அதிபர் ஐசனோவர் ஆயிரம் வீரர்களை அனுப்பினார், ஒன்பது பிள்ளைகளும் துப்பாக்கிக் காவலில் பள்ளிக்குள் போனார்கள். அன்று தொலைக்காட்சியில் பேசிய ஐசனோவர், நம் எதிரிகள் இதைப் பார்த்துக் குதூகலிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இதை வைத்து, பனிப்போர்தான் கறுப்பருக்கு உரிமை வாங்கிக் கொடுத்தது என்று சிலர் எழுதறாங்க. அது பாதி உண்மை. மான்ட்கோமரியில் 1955 டிசம்பரிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போன சனங்களுக்கும், 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ கடையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்த நாலு மாணவர்களுக்கும், மாஸ்கோவும் சொல்லித் தரவில்லை, வாசிங்டனும் சொல்லித் தரவில்லை. அவர்கள் அடி வாங்கினார்கள், அதனால் உலகம் திரும்பிப் பார்த்தது. உலகம் பார்த்ததால் அரசுக்கு வெட்கம் வந்தது. வெட்கம் தானாக வரவில்லை.

அந்த வெட்கத்துக்கு விலையும் உண்டு. கம்யூனிஸ்ட் என்று முத்திரை விழுந்தால் தொலைந்தோம் என்று இயக்கத்துத் தலைவர்கள் பலர் கூலி, வீடு, நிலம், போர் பற்றிய பேச்சையெல்லாம் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைக்காதவர்களுக்கு என்ன நடந்தது? பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950இல் ரத்து செய்தார்கள். 1951இல் 82 வயது டு பாய்ஸுக்குக் கைவிலங்கு மாட்டி, அந்நியர் ஏஜென்ட் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை, ஆனால் பாஸ்போர்ட் போனது. 1958இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ரெண்டு பேரும் நாட்டை விட்டு வெளியே போக முடிந்தது. டு பாய்ஸ் கானாவுக்குப் போய் 1963 ஆகஸ்ட் 27 அன்று அங்கேயே கண்மூடினார். மறுநாள் வாசிங்டனில் கறுப்பர்களின் மாபெரும் பேரணி.

அப்படியானால் சோவியத் நம்மாளா? அதையும் பேசிவிடுவோம். கறுப்பருக்காகக் குரல் கொடுத்த அதே அரசு 1944 மே மாதம் கிரிமியத் தாத்தார் இனத்தையே சில நாளில் ரயில் பெட்டிகளில் அடைத்து மத்திய ஆசியாவுக்குக் கடத்தியது. 1963 டிசம்பரில், கானா மாணவர் ஒருவர் செத்துக் கிடந்ததைக் கேட்டு, ஆப்பிரிக்க மாணவர்கள் நூற்றுக்கணக்கில் செஞ்சதுக்கத்தில் ஊர்வலம் போனார்கள். மாஸ்கோ இன்னொரு அலபாமா என்று அவர்கள் அட்டையில் எழுதியிருந்தது. எதிரி வீட்டுக் கொல்லையில் நாறுவதைச் சொல்ல ரெண்டு பேருமே தயார். தன் வீட்டுக் கொல்லையைப் பற்றிக் கேட்டால் உள்நாட்டு விவகாரம்.

1964இல் சிவில் உரிமைச் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம். கடையில் காப்பி கிடைத்தது, பெட்டியில் ஓட்டு விழுந்தது. காப்பிக்குக் காசு? அதை மார்ட்டின் லூதர் கிங் கேட்கத் தொடங்கினார். 1967 ஏப்ரல் 4 அன்று வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். உடனே நேற்றுவரை பாராட்டிய பத்திரிகைகளே பாய்ந்தன. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரத்தில் மழைக்காகக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய ரெண்டு கறுப்புத் துப்புரவுத் தொழிலாளிகள் அந்த எந்திரத்திலேயே நசுங்கிச் செத்தார்கள். சுமார் 1300 தொழிலாளிகள் ‘நான் மனிதன்’ என்று அட்டை தூக்கி வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். குப்பை அள்ளுகிறவனின் கூலிக்காக எந்த வல்லரசுக்கும் வெட்கம் வருவதில்லை. மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

அம்பேத்கர் கேட்ட அந்த மனுவுக்கு இங்கே ஒரு பின்கதை உண்டு. அதே 1946இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் கேவலமாக நடத்தப்படுவதை இந்தியா ஐ.நா.வில் முறையிட்டது. இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா. அந்த வாதம் செல்லாது என்று பேசி, டிசம்பரில் பொதுச்சபையில் இந்தியா ஜெயித்தது. 55 வருஷம் போனது. 2001இல் அதே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில், இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு. தலித் அமைப்புகள் சாதியைப் பேசு என்று போய் நின்றன. சாதி இனவெறியாகாது, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. மாநாட்டு அறிக்கையில் சாதி என்ற சொல்லே இடம்பெறவில்லை.

டர்பன் நேரத்தில் ரெண்டு முகாம் இல்லை. 1991இல் சோவியத் கலைந்துவிட்டது. நம் அழுகையைத் தன் சுயநலத்துக்காகவாவது எடுத்துப் பேச எதிர்முகாம் கிடையாது. அது நஷ்டமா என்றால், ஓரளவு நஷ்டம்தான். ஆனால் அந்த ஒன்பது பிள்ளைகள் எந்த முகாமையும் நம்பிக் கிளம்பவில்லை. வெளியே சொல்லணும், உலகம் கேட்கிற மாதிரி சொல்லணும், அம்பேத்கர் 1946இலேயே அந்த வழியைப் பார்த்துவிட்டார். அதோடு, சொல்வதற்கு முன்னால் இங்கே நடந்து காட்டணும். வெளியிலிருந்து வருகிற கரிசனம் காப்பிவரை வரும். கூலியும் நிலமும் நாம் கேட்டால்தான் உண்டு.