பாத்திமா பேகத்தின் படக் கம்பெனி

இந்தியத் திரைப்பட வரலாற்றைப் பேசுவோர் தாதாசாகேப் பால்கேயின் பெயரைச் சொல்லாமல் தொடங்குவதில்லை. அது முறையே. ஆயினும், தம் பெயரிலேயே ஒரு படக் கம்பெனியை நிறுவி, படத்தையும் தாமே இயக்கிய முதல் இந்தியப் பெண்மணியை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? அவர்தாம் பாத்திமா பேகம்.

உருது நாடக மேடையில் பயின்ற அவர், 1922இல் அர்தேஷிர் இரானியின் 'வீர் அபிமன்யு' என்னும் மௌனப் படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். 1913இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவர் ஓர் ஆடவர். படத்தில் நடிப்பது பெண்ணுக்கு இழிவென்று கருதப்பட்ட காலம் அது. பத்தாண்டுகள் கழிந்தும் அவ்வெண்ணம் அடியோடு மறையவில்லை. அத்தகைய நாளில், 1926இல், பம்பாயில் 'பாத்திமா பிலிம்ஸ்' தோன்றியது. 1928இல் அது 'விக்டோரியா பாத்திமா பிலிம்ஸ்' எனப் பெயர் மாறிற்று.

அக்கம்பெனியின் சார்பில் 1926இல் அவர் இயக்கிய படம் 'புல்புலே பரிஸ்தான்'. தந்திரக் காட்சிகள் நிறைந்த கற்பனைக் கதை அது என வரலாற்றாசிரியர் குறிப்பர். தம் கம்பெனியை நடத்திக்கொண்டே கோஹினூர், இம்பீரியல் ஆகிய பிறர் கம்பெனிகளின் படங்களிலும் அவர் நடித்தார். சுல்தானா, சுபைதா, ஷாஹ்ஸாதி என்னும் அவருடைய புதல்வியர் மூவரும் நடிகையராயினர். 1931 மார்ச் 14இல் பம்பாயில் திரையிடப்பட்ட முதல் இந்தியப் பேசும்படமான 'ஆலம் ஆரா'வின் கதாநாயகி சுபைதாவே.

இன்று 'புல்புலே பரிஸ்தா'னின் ஒரு பிரதியும் கிடைக்கவில்லை. 'ஆலம் ஆரா'வும் அவ்வாறே. மௌனப் பட யுகத்தில் இந்நாட்டில் எடுக்கப்பட்ட படங்கள் 1,300க்கும் மேல். முழுமையாகவோ துண்டுகளாகவோ எஞ்சியவை ஏறத்தாழ 30. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது. அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் பல. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964இல்தான். அதற்குள் பெரும்பகுதி அழிந்து போயிற்று.

ஆனால், படம் அழிந்தாலும் அதைப் படைத்தவர் 1983 வரை வாழ்ந்திருந்தார் என்பதை எண்ணுங்கால் நம் நெஞ்சம் கனக்கின்றது. சுருளைவிட நீண்ட ஆயுள் பெற்றது அவ்வம்மையாரின் நினைவு.

நம் இல்லங்களிலும் மூத்த தாய்மார் உளர். அவர்கள் கட்டிக்காத்த தொழில்களும் கற்பித்த கல்வியும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவர்கள் சொல்லக் கேட்டு, பெயரும் ஆண்டும் குறித்து எழுதி வைப்போமாக. காலம் கடந்தபின் எந்தக் காப்பகமும் அவற்றை மீட்டுத் தாராது.