உதவி இருக்கிறது... பத்திரம் எங்கே?

சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகத்துக்கு உதவி கேட்டுப் போகும் ஒரு தாயிடம் முதலில் கேட்கப்படுவது அடையாளக் கார்டு. அடுத்து பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம். கணவர் இறந்திருந்தால் மரணப் பத்திரம். பிரிந்து போயிருந்தால் மணவிலக்கு ஆணை. கூடவே திருமணப் பத்திரம். குளுவாங்கிலும் கூலாயிலும் மாசாயிலும் எத்தனை தாய்மார் இந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு, "சரி, எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போய், திரும்பி வராமலே இருந்திருக்கிறார்கள்! நாட்டில் உதவிக்குப் பஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த உதவிக்கும் வீட்டு அடுப்புக்கும் நடுவில் ஒரு தாள் வந்து நிற்கிறது. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு.

1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட தரக்கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இருவரும் பால் வெட்டினால் வீட்டுக்கு 90 காசு. கணவன் கண்ணை மூடிவிட்டால் மிஞ்சுவது 40 காசு. லயத்து வீடு அவள் வெட்டும் மரத்தோடு கட்டுண்டது. மரத்தை விட்டால் வீடும் போகும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடியாக வேண்டும்.

அந்நாளில் வெள்ளைக்கார அரசு கண்டுபிடித்து வைத்திருந்த மிகப் பெரிய 'உதவி' எது தெரியுமா? கப்பல் டிக்கெட்! 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாளிகளிடம் வசூலித்துச் சேர்க்கப்பட்ட குடியேற்ற நிதி, ஆள் கொண்டுவரவும் பயன்பட்டது, வேண்டாத ஆளைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1930-இல் ரப்பர் விலை சரிந்தபோது, மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரில் யாரும் இல்லாத கைம்பெண்ணுக்கு அந்த டிக்கெட்டால் என்ன பயன்? அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு வந்தது யுத்தம். 1942 ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. பின்னர் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஜப்பானியர் ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவர்களைப் பிடித்துப் போனார்கள். சரக்கு ரயிலில் அடைத்து சயாமின் பான் போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடத்தினார்கள். மலாயாவிலிருந்து மரண ரயில் பாதை வேலைக்குப் போனவர்கள் 70,000-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் திரும்பி வரவே இல்லை.

வாந்திபேதியில் செத்தவனை முகாமிலேயே புதைத்தார்கள், எரித்தார்கள். மரணப் பத்திரம் எழுத அங்கே யார் இருந்தார்கள்? தோட்டத்தில் காத்திருந்தவளுக்குத் தான் கைம்பெண்ணா, சுமங்கலியா என்பதே தெரியாது. தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று ஆண்டுக்கணக்கில் தவித்த பெண்களின் கதை தோட்டப்புறங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. பத்திரம் இல்லாத தாயின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

போர் முடிந்ததும் 1946-இல் மலாயாவில் சமூக நல இலாகா பிறந்தது. போரில் நொந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் துயர் துடைப்பதே அதன் முதல் வேலை. ஜப்பானிடமிருந்து இழப்பீடு? 1967-இல் ஒரு நல்லெண்ண உடன்பாடு கையெழுத்தானது. இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்பில் இரண்டு சரக்குக் கப்பல்கள் கிடைத்தன. அவை தேசியக் கப்பல் நிறுவனத்துக்குப் போயின. கணவனைச் சயாமுக்குக் கொடுத்தவளுக்குக் கப்பலால் என்ன லாபம் என்று கேட்டால் அது குதர்க்கம் ஆகாது.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் வந்த சட்டங்களைக் குறை சொல்வதற்கில்லை. 1951-இல் ஊழியர் சேமநிதி, 1952-இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், 1969-இல் சொக்சோ சட்டம். சொக்சோவின் கணக்கு தெளிவானது. வேலையிடத்து விபத்தில் தொழிலாளி இறந்தால், சார்ந்திருப்போர் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. கங்காணியின் கருணையையும் துரையின் மனநிலையையும் நம்பியிருந்த குடும்பத்துக்கு இது பெரிய மாற்றம்தான். ஆனால் குத்தகைக்காரரிடம் வேலை செய்தவர்கள் பலருக்குச் சேமநிதியும் பிடிக்கப்படவில்லை, சொக்சோவும் கட்டப்படவில்லை. இறந்த பிறகுதான் அது வீட்டுக்குத் தெரியவரும்.

இதற்கிடையில் இன்னொரு அடி. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்றது. குடியுரிமைக்கு மனுப் போடாமலே இருந்துவிட்ட தோட்டத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. பாதிக் குடும்பத்தை இங்கே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இப்படி நின்றுபோன பெண்ணுக்கு அப்போது தமிழில் இருந்த பெயர் 'வாழாவெட்டி'. 'தனித்து வாழும் தாய்' என்ற மரியாதையான சொல் நம் பத்திரிகைகளில் பழக இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது தாலிக்கு வருவோம். 1982 மார்ச் முதல் நாள் வரை இந்து வழக்கப்படி கோவிலில் கட்டிய தாலியே திருமணத்துக்குச் சாட்சி. அன்று நடைமுறைக்கு வந்த 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், முஸ்லிம் அல்லாதவர்கள் எல்லாரும் திருமணத்தைப் பதிய வேண்டும் என்றது. அதற்கு முன் நடந்த வழக்கத் திருமணங்களைப் பதிவானதாகவே கருதியது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கியதும் அதுதான். பெண்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு அது. ஆனால் செய்தி லயங்களுக்குப் போய்ச் சேர்ந்ததா? கல்யாணம் ஊரறிய நடந்தது, பந்தி போட்டார்கள், மொய் எழுதினார்கள். பதிவு மட்டும் இல்லை. மொய்ப் பணத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம், திருமணத்துக்கு ஒரு தாள் கிடையாது! இருபது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து நான்கு பிள்ளை பெற்றவள், கணவர் லாரி விபத்தில் போன பிறகு, தான் அவருடைய மனைவி என்று நிரூபிக்க கோவில் தலைவரின் கடிதத்தையும் சத்தியப் பிரமாணத்தையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. நீதிமன்றங்களிலும் இதே கேள்வியில் வழக்குகள் நின்றிருக்கின்றன.

பிள்ளைக்கு வரும் சிக்கல் இன்னும் ஆழம். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை, சட்டப்படி தாயின் நிலையைப் பொறுத்தது. தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளைக்கும் நீல நிறக் கார்டு எட்டாமல் போகலாம். கார்டு இல்லையென்றால் உதவித் தொகை, பள்ளிச் சலுகை, பிற்காலத்தில் வேலை எல்லாமே கேள்விக்குறி. 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் நாடு முழுவதும் பதிவு இயக்கம் நடத்த வேண்டிய அளவுக்கு இந்தியர்களிடையே இந்தச் சிக்கல் முற்றியிருந்தது.

ஜொகூருக்கு இன்னொரு முகமும் உண்டு. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. 2006-இல் இஸ்கண்டார் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டது. ரெங்கத்திலும் லாயாங் லாயாங்கிலும் பால் வெட்டியவர்களின் பேத்திகள் ஸ்கூடாய், பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலைக்குப் போனார்கள். லயத்தில் பக்கத்து வீட்டு அத்தை பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். அடுக்குமாடியில் அதற்கும் காசு. வாடகை, பள்ளி வேன், மின்கட்டணம் வேறு. ஆயிரம் வெள்ளி சம்பளம் வாங்கும் தாயை ஏழை என்று அரசு ஒப்புக்கொண்டதா? 2020 வரை இல்லை! குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்றிருந்த வறுமைக் கோடு அந்த ஆண்டு ஜூலையில்தான் 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. ஐ.நா. அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019-இல் வந்து பார்த்துவிட்டு, பழைய கோடு நாட்டின் உண்மை நிலையைக் காட்டவில்லை என்று சாடியதற்குப் பிறகு வந்த மாற்றம் அது.

தொகைகளும் நகர்ந்தன. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சமூக நல இலாகா கொடுத்த தொகை நெடுங்காலம் பிள்ளைக்கு 100 வெள்ளி, குடும்பத்துக்கு 450-க்கு மேல் கிடையாது. ஐந்து பிள்ளை பெற்றவளின் கடைசிப் பிள்ளைக்கு அரைப் பங்குதான்! 2021-இல் 7 முதல் 18 வயது வரை 150 வெள்ளி, 6 வயதும் அதற்குக் கீழும் 200 வெள்ளி, குடும்ப உச்சவரம்பு 1,000 வெள்ளி என்று ஆனது. 2022-இல் 'பந்துவான் கெலுவார்கா மலேசியா' உதவியில் தனித்து வாழும் பெற்றோருக்குக் கூடுதலாக 500 வெள்ளி சேர்க்கப்பட்டது. தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு 1987-இல் தொடங்கப்பட்ட அமானா இக்தியார் 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற கடன் திட்டத்துக்கு ஐந்து கோடி வெள்ளி ஒதுக்கியது. இட்லி மாவு அரைத்து விற்கிறவளும் தையல் மெஷின் வைத்திருக்கிறவளும் கேட்டுப் பார்க்க வேண்டிய கதவு.

இவை அனைத்துக்கும் வெளியே நிற்பவள் ஒருத்தி இருக்கிறாள். கணவன் சாகவும் இல்லை, மணவிலக்கும் ஆகவில்லை. பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, போனை எடுப்பதில்லை. இவளுக்கு மரணப் பத்திரமும் இல்லை, மணவிலக்கு ஆணையும் இல்லை. 1943-இல் சயாமுக்குப் போனவனின் மனைவி எங்கே நின்றாளோ, அங்கேதான் இவளும் நிற்கிறாள்.

ஒரு வித்தியாசம், இவளுக்குச் சட்டத்தில் வழி உண்டு. பெரும்பாலோருக்கு அது தெரியாததுதான் வேதனை. மனைவியையும் பிள்ளையையும் கைவிட்டவனிடம் மாதச் செலவு கேட்கலாம் என்று 1950-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. திருமணம் பதியாமல் பிறந்த பிள்ளைக்கும் அதில் இடமுண்டு. பதிந்த திருமணம் என்றால், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கைவிடப்பட்டதைக் காட்டி மணவிலக்குக்கு மனுச் செய்யலாம். அவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், வழக்கமாகப் போக வேண்டிய சமரசக் குழுவுக்கும் போகத் தேவையில்லை. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாமல், உயிரோடு இருக்கிறான் என்று நம்பவும் காரணம் இல்லையென்றால், இறந்ததாகக் கருதி மணத்தை முறிக்கும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு 1970-இல் தொடங்கப்பட்ட சட்ட உதவி இலாகாவின் கிளை ஜொகூர் பாருவில் இருக்கிறது. அங்கே போகும்போது பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, கணவன் காணாமல் போனதாகக் கொடுத்த போலீஸ் புகாரின் நகல் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். போலீஸ் புகார் கொடுக்காதவர்கள் முதலில் அதைக் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.