கூரை மாறிய கோயில்கள்: உடுநுவரைக் கட்டடங்கள் இரண்டு

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து கண்டி நகருட் புகுவோர், தலதா மாளிகைக்கு அணித்தாக நாததேவாலயத்தைக் காண்பர். மரத்தூண் மண்டபங்களும் ஓட்டுக் கூரைகளும் நிறைந்த அச்சூழலிற் கருங்கல்லாலான அச்சிறு கோயில் தனித்துத் தோன்றும். நகரின் மிகப் பழைய கட்டடமெனக் கொள்ளப்படும் அது 14ஆம் நூற்றாண்டுத் திராவிடக் கட்டட மரபைச் சார்ந்தது. அம்மரபை விரிவாக அறிய விழைவோர் பேராதனைக்கு அப்பாலுள்ள உடுநுவரைக்கே செல்லல் வேண்டும்.

கம்பளையிலிருந்து ஆட்சி செய்த நான்காம் புவனேகபாகுவின் மூன்றாம் ஆட்சியாண்டில், கி.பி. 1344இல், அங்கே இரு விகாரைகள் எழுந்தன. கடலாதெனிய விகாரையைச் சீலவம்ச தர்மகீர்த்தி தேரர் அமைப்பித்தார்; அதன் ஸ்தபதி கணேசுவராசாரி. இலங்காதிலக விகாரையை அமைச்சர் சேனாலங்காதிகாரர் எடுப்பித்தார். அதன் ஸ்தபதி இராயர். இவ்விருவரும் தென்னிந்திய மரபிற் பயின்றோர் என்பதிற் கருத்து வேறுபாடு அரிது.

கடலாதெனிய முற்றிலும் கல்லின் ஆட்சிக்குட்பட்டது. கருவறை, இடைகழி, மண்டபம் என்னும் ஒழுங்கும், அதிட்டானத்தின் அடுக்குகளும், சுவரிலுள்ள அரைத்தூண்களும், எண்பட்டைச் சிகரமும் தமிழகக் கோயிலொன்றையே நினைவூட்டுகின்றன. உள்ளே வீற்றிருப்பவரோ புத்தர்! இக்கட்டடத்தை விசயநகரப் பாணி எனக் குறிப்பிடுவது நூல்களிற் பெருவழக்கு. விசயநகரம் தோன்றியது 1336இல். எட்டாண்டுகளுள் அதற்கெனத் தனிப்பாணி உருவாகிக் கடல் கடந்து கண்டி மலைகளை எட்டியது என்பதை ஏற்பது கடினம். பாண்டியர் காலத்தின் இறுதியில் வளர்ந்திருந்த மரபின் தொடர்ச்சியாக இதனைக் கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகிறது.

அத்தொடர்பு ஒருவழிப்பட்டதுமன்று. தர்மகீர்த்தி ஆந்திர நாட்டு அமராவதியிற் பௌத்தப் படிமமனையொன்றைப் புதுக்கியதைக் கடலாதெனியவிலுள்ள 1344ஆம் ஆண்டுச் சிங்களச் சாசனம் கூறுகிறது. சேனாலங்காதிகாரர் காஞ்சிபுரத்திற் கல்லாலான படிமமனையொன்று எடுப்பித்ததாக நிகாய சங்கிரகம் உரைக்கிறது.

இலங்காதிலக விகாரை வேறு வகையினது. பன்ஹல்கல என்னும் பாறைமீது செங்கல்லும் சுதையும் கொண்டு எழுப்பப்பட்ட இது பொலனறுவைப் படிமமனைகளின் மரபைத் தொடர்வது. திராவிட அரைத்தூண்கள் அதன் புறச்சுவரை அணிசெய்கின்றன. நடுவிற் புத்தர், சுற்றிலும் உபுல்வன், சமன், விபீஷணர், கணபதி, கந்தன் ஆகியோர்க்குரிய தேவாலயங்கள். முதலில் நான்கு தளங்களோடு எண்பது அடி உயரமுடையதாயிருந்தது என்பர். மேற்றளங்கள் பின்னர் அழிந்தன. எஞ்சியதன்மேற் கண்டிக் காலக் கைவினைஞர் மரச்சட்டங்களிட்டு ஓடு வேய்ந்தனர். உட்சுவர் ஓவியங்களும் கண்டிக் காலத்தனவே.

இக்கூரை மாற்றத்தைப் பற்றி நம்மவரிடையே ஒரு குறை உண்டு: தமிழ்ச் சாயலை மறைத்தற்கே ஓடு வேயப்பட்டது என்பர். கட்டடத்தை அருகிருந்து நோக்கின் இக்கூற்று நில்லாது. மலைநாட்டு மழை கல்லின் பொருத்துகளிடையே இறங்கும். செங்கல்லையும் சுதையையும் ஊறச்செய்யும். சாய்ந்து அகன்ற கூரையே நீரைச் சுவருக்கு அப்பால் விழச்செய்யும். கடலாதெனிய வளவிலுள்ள விசயோத்பாயத்தைக் காண்க. அங்கே முற்றிலும் பௌத்தச் சின்னமாகிய தூபிக்கும் மேலே ஓட்டுக் கூரை உண்டு. தூபியில் மறைத்தற்கு என்ன தமிழ்ச் சாயல் இருந்தது? மறைக்கும் நோக்கமிருந்திருப்பின், அரைத்தூண்களைச் செதுக்கி நீக்குவதும் ஸ்தபதியரின் பெயர்களைச் சாசனங்களிலிருந்து அழிப்பதும் எளிதாயிருந்திருக்கும். இரண்டும் நிகழவில்லை.

மறுபுறம், இக்கட்டடங்களைத் தமிழரோடு தொடர்பற்றனவாகக் காட்ட முயல்வோர்க்கு இலங்காதிலகப் பாறையே விடை கூறும். விகாரைக்கு வழங்கப்பட்ட நிலங்களையும் மானியங்களையும் குறிக்கும் சாசனம் அங்கே சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அறக்கொடையைத் தமிழிலும் அறிவித்தல் வேண்டுமாயின், அதனைப் படித்தறிந்து மதித்து ஒழுகவேண்டிய தமிழறிந்தோர் அரசவையிலோ வணிகரிடையிலோ குறிப்பிடத்தக்க அளவில் இருந்திருத்தல் வேண்டும். சுற்றுலாவாக அங்கு செல்லும் மாணவர் பெரும்பாலும் ஓவியங்களைக் கண்டு வியந்து திரும்பிவிடுகின்றனர். அவ்வெழுத்துகள் விகாரைக்கு வெளியே, வெயிலிலும் மழையிலும் திறந்த பாறையிற் கிடக்கின்றன.