மரத்தில் செய்த மருத்

கலூரில் ஜூலை மழை பிடித்துக்கொண்டால் ஸ்டேடியம் பக்கம் மாலை நடை போவது நின்றுவிடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் ஒன் படிக்கும் என் பையன், "அப்பா, நான் செஞ்ச ஃப்ளைட்டை ஓட்டிப் பாருப்பா" என்று கணினி முன் உட்கார வைத்தான். ஃப்ளைட்கியர் என்று ஒரு இலவச சிமுலேட்டர். நமக்கு வேண்டிய விமானத்தை நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். இவன் நீளமான மூக்கோடு ஒன்று செய்திருந்தான். வண்டி மாடு மாதிரி சாதுவாகப் போயிற்று. எனக்கே ஓட்ட வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் அங்கேதான் வந்தது. நான் பி.காம். படித்த வங்கி ஆசாமி. ஒரு கணக்கு முதல் தடவையே டாலி ஆனால் எங்கே தப்பு என்றுதான் முதலில் தேடுவேன்.

"இதுல விமானத்தோட உடம்பு எங்கடா இருக்கு?" என்றேன். ஒரு கோப்பைத் திறந்து காட்டினான். உடம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் அட்டவணை! திரையில் தெரிவது சும்மா படம். காற்று எந்தக் கோணத்தில் பட்டால் எவ்வளவு விசை, எவ்வளவு திருப்பம் என்று வரிசையாக எண்கள். சிமுலேட்டர் நொடிக்குப் பல தடவை அதைப் பார்த்து, இரண்டு வரிசைக்கு நடுவே விழுந்தால் கணக்குப் போட்டு நிரப்பி, விமானத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்துகிறது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் மூத்த அதிகாரி ஒருவர் மேஜையில் வட்டி ரெடி ரெக்கனர் புத்தகம் இருக்கும். அதே வேலைதான்.

தப்பும் அகப்பட்டது. நீண்ட உருளையான உடல் காற்றில் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினால் தானாக நேராகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். கிடையாது. இன்னும் திரும்பத்தான் பார்க்கும். ஆகாயக் கப்பல்களின் உடலை வைத்து மாக்ஸ் முங்க் என்பவர் 1924லேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார். திரும்புகிற உடலை இழுத்து நேராக்குவது பின்னால் நிற்கும் செங்குத்து வால். உடல் கடன் என்றால் வால் சொத்து. நம்மாள் உடலின் எண்ணுக்கு மைனஸ் போட மறந்திருந்தான். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் லாபம் வராமல் என்ன செய்யும்?

மைனஸ் போட்டதும் விமானம் குடித்தவன் மாதிரி மூக்கை வீசிக்கொண்டு சுற்றியது. பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கேட்டான். "கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணா ரீசெட் பண்ணிக்கலாம். நிஜ விமானத்துக்கு இந்த நம்பரையெல்லாம் யாருப்பா கண்டுபிடிச்சாங்க?"

அந்தக் கேள்விக்கு பதில் தேடித்தான் ஒரு வாரம் போயிற்று.

முதல் சிமுலேட்டரில் இந்த எண்களே கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் எட்வின் லிங்க் என்பவர் 1929ல் செய்தது அது. அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில் கிடந்த காற்றுத் துருத்திகளின் மேல் குட்டி இறக்கை வைத்த மரப்பெட்டி. இறக்கையும் உடலும் சும்மா அழகுக்கு. கேளிக்கைப் பூங்காக்களில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியை, தபால் கொண்டுபோன விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்துச் செத்த பிறகு, 1934ல் அமெரிக்க ராணுவம் 6 வாங்கியது.

நம் ஊர் கதை பெங்களூரில் இருக்கிறது. ஜெர்மனியின் எஃப்.டபிள்யூ. 190 போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க் 1956ல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு வந்தார். எச்.எஃப். 24 என்ற ஜெட் போர் விமானம் செய்யவேண்டும். பெயர் மருத். நம் மாருதம்தான், காற்று.

வடிவம் காகிதத்தில் வந்துவிட்டது. அது எப்படிப் பறக்கும்? சின்ன மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளக்கலாம். ஆனால் மாதிரியைச் சிறிதாக்கலாம், காற்றைச் சிறிதாக்க முடியாதே. அளவுகளில் வித்தியாசம் வரும். உடலைத் தனியாக, இறக்கையைத் தனியாக அளந்து கூட்டினாலும் சரி வராது. அமெரிக்காவின் எஃப். 102 அப்படித்தான் ஒலி வேகத்தைத் தாண்ட முடியாமல் திணறி, உடலின் இடுப்பை ஒடுக்கிய பிறகே தாண்டியது. பெங்களூர் தேசிய ஆய்வகத்தின் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம் வந்ததே 1967ல்தான்.

அதனால் இவர்கள் செய்த காரியம் என்ன தெரியுமா? முழு அளவு மருத் ஒன்றை மரத்தில் செய்தார்கள்! எஞ்சின் கிடையாது. 1959ல் ஒரு டகோட்டா விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு மேலே போய், அவிழ்த்துவிட்டார்கள். சறுக்கிக்கொண்டே இறங்க வேண்டியது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, 78 தடவை. என் பையனுடைய ரீசெட் பொத்தான் அவர்களுக்கு அடுத்த டகோட்டா பயணம்தான். தப்பினால் இறங்கி வந்து திருத்த ஆள் இருக்க மாட்டான்.

எஞ்சின் வைத்த மருத்தை 1961 ஜூன் 17ல் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதலில் பறக்கவிட்டார். நன்றாகவே பறந்தது. தகுந்த எஞ்சின்தான் கடைசி வரை கிடைக்கவில்லை. கூடுதல் உந்துதலுக்கு ஆஃப்டர்பர்னர் பொருத்திய மருத் ஒன்றில் 1970 ஜனவரி 10ல் கிளம்பிய தாஸ், விபத்தில் இறந்துபோனார். பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் பையப்பனஹள்ளி பக்கம் சுரஞ்சன் தாஸ் ரோடு என்று ஆட்டோக்காரரிடம் சொல்லியிருப்பீர்கள். அவர்தான் இவர்.

அடுத்த தலைமுறையான தேஜஸுக்கு சிமுலேட்டர் இருந்தது. வேண்டுமென்றே நிலையில்லாமல் செய்த விமானம் அது, என் பையனுடையது மாதிரியே. கணினி பிடித்துக்கொள்ளாவிட்டால் மூக்கு நிற்காது. அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளை 1996ல் அமெரிக்காவில் ஒரு எஃப். 16ல் ஏற்றி, அதைத் தேஜஸ் மாதிரி நடந்துகொள்ள வைத்து 33 தடவை பறந்து பார்த்தார்கள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கர்கள் கதவைச் சாத்திவிட, மிச்சத்தை நம்மவர்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4ல் ராஜீவ் கோத்தியால் தேஜஸை மேலே கொண்டுபோனார்.

பையன் வாலைப் பெரிதாக்கி அவன் விமானத்தை ஒரு வழியாக நேராக்கிவிட்டான். இப்போது மருத்தை எழுதப் போகிறானாம். பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. ஓணம் விடுமுறைக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் போட்டிருக்கிறேன். தையல்காரர் டேப் ஒன்றை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டான். கிட்டே போய் அளக்க விடுவார்களா என்று அவன் அம்மா கேட்கிறாள்.