சில்லாலையில் ஒளித்திருந்த புனிதர்

எங்கட கிச்சினில் கோவாக்காரர் ஒருவர் வேலை செய்கிறார். ஜனவரி 16ஆம் திகதி வந்தால், விம்பிள்டன் எட்ஜ் ஹில்லில் இருக்கிற திரு இருதய ஆலயத்துக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவார். இம்முறை வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கும்போது, "இண்டைக்கு உங்கட நாட்டுப் புனிதரின்ர நாள். உனக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். "அவர் உங்கட ஊர்க்காரர் எல்லோ?" என்றேன். "பிறந்தது எங்களிட்டை, செத்தது உங்களிட்டை" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சொன்னது யோசப் வாஸ் அடிகளாரை. நான் சைவக்காரன். ஆனால் வரலாறு படிக்கப் பல்கலைக்கழகம் போய்ப் பாதியில் விட்டவன். அந்தப் பாதிப் படிப்பு இப்படியான நேரத்தில் சும்மா இருக்க விடாது.

கதையைக் கொஞ்சம் பின்னுக்கிருந்து தொடங்க வேண்டும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. அவர்கள் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள், சனத்தை வேதத்துக்குச் சேர்த்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினார்கள். ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் புரட்டஸ்தாந்துக்காரர். கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினார்கள், பூசையைத் தடை செய்தார்கள். குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். நேற்று அடித்தவன் இன்றைக்கு அடி வாங்கினான். இடையில் அகப்பட்டது எங்கட சனம்.

இது ஏதோ காட்டுமிராண்டி நாட்டில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். இதே லண்டனில், இன்றைக்கு மார்பிள் ஆர்ச் இருக்கிற இடத்துக்குக் கிட்ட உள்ள டைபேர்ணில், 1681இல் ஒலிவர் பிளங்கெற் என்ற ஐரிஷ் பேராயரைப் பொய்ச் சதி வழக்கில் தூக்கிலிட்டார்கள். அங்கேயும் குற்றம் அதே குற்றம்தான்.

அதுக்குப் பிறகு ஆறு வருசத்தில், 1687இல், வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தார். 1651இல் கோவாவின் பெனோலிமில், கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1676இல் குருவானவர் ஆனவர். இலங்கையில் கத்தோலிக்கர் குருமார் இல்லாமல் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யோவான் என்ற வேலைக்காரனோடு புறப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்து கப்பல் ஏறினார். குருவானவரின் அங்கி இல்லை. கூலிக்காரனின் உடுப்பு. சாதி பார்த்த காலத்தில் ஒரு பிராமணர் பிச்சைக்காரனாக வந்து இறங்கினார். வந்த உடனே வயிற்றுளைவு பிடித்துச் சாகக் கிடந்தார். எழும்பி நடக்க முடிந்ததும், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். பிச்சை ஒரு சாட்டு. செபமாலையைக் கண்டு எந்த வீட்டுக்காரரின் முகம் மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

அப்படித்தான் சில்லாலை அவருக்குக் கிடைத்தது. இரண்டு வருசத்துக்கு மேலாக அந்தச் சனம் அவரை ஒளித்து வைத்திருந்தது. இரவில் பூசை, விடிய முதல் இடம் மாறுதல். ஒரு கிறிஸ்மஸ் இரவில் ஒல்லாந்தர் பூசை நடக்கிற வீடுகளைச் சுற்றி வளைத்துப் பலரைப் பிடித்தார்கள். அடிகளார் தப்பிவிட்டார். பிடிபட்டவர்கள்தான் அடி வாங்கினார்கள்.

பிறகு புத்தளம் போய், 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். சிறைக்குள் இருந்தே சிங்களம் படித்தார். மழையில்லாத காலத்தில் அவர் செபித்து மழை வந்தது என்று சொல்கிறார்கள். அதை நம்புவது அவரவர் பாடு. ஆனால் பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரமாக நடமாட அனுமதி கொடுத்தது வரலாறு.

எனக்குப் பெரிதாகப் படுவது 1697. கண்டியில் பெரியம்மை வந்தது. அரசனும் வசதியானவர்களும் நகரத்தை விட்டுப் போனார்கள். நோயாளரைச் சொந்தக்காரரே கைவிட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவரது மருமகன் யோசப் கர்வாலியோ அடிகளாரும் வெறும் வீடுகளை ஆசுப்பத்திரி ஆக்கி, கஞ்சி கொடுத்து, புண் கழுவி, செத்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தனா கத்தோலிக்கனா என்று கேட்கவில்லை. பிறகு ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார்.

1995 ஜனவரி 21இல், யுத்த நிறுத்தம் இருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கினார். இலங்கையின் முதல் புனிதர். வழக்கமாகக் கேட்கிற இரண்டாவது அற்புதத்தைக் கூடக் கேட்கவில்லை. அன்று பின்னேரமே பாப்பரசர் மடுவுக்குப் போனார்.

எல்லாம் சரி. என்ர மனதில் நிற்கிறது வேறொன்று. பிடிபட்டால் கழுத்துப் போகும் என்று தெரிந்தும் கதவைத் திறந்துவிட்ட சில்லாலைக்காரர் யார்? அவருக்குக் கஞ்சி காய்ச்சியது யார்? யோவானின் பெயராவது மிஞ்சியது. அவர்களின் பெயர்கள் எங்கே?

முத்திப்பேறு கொடுத்த அதே 1995இன் ஒக்ரோபர் கடைசியில், வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் மழையோடு வெளிக்கிட்டது. எனக்கு அப்ப 14 வயது. தென்மராட்சியில் ஒரு அம்மா தன்ர விறாந்தையை எங்களுக்கு விட்டுத் தந்தா. அஞ்சு மாதம் இருந்தோம். அவவை "அம்மா" என்றுதான் கூப்பிட்டோம். பெயர் கேட்கவே இல்லை. இன்றைக்கு லண்டனில் எனக்கு ஒரு விலாசம் இருக்கிறது. அவவுக்கு ஒரு கடிதம் போட எனக்கு அவவின்ர பெயர் தெரியாது.

கோவாக்காரரிடம் இதைச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அடுத்த வருசம் நீயும் வா. அவவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவம்" என்றார்.

போகத்தான் இருக்கிறேன். உங்களுக்கும் அப்படி யாரும் கதவு திறந்துவிட்டிருந்தால், பெயர் தெரிந்தவர்கள் அதை மறக்க முன்னம் எங்கேயாவது எழுதி வையுங்கோ.