பெட்டிக்குள் இருந்தவர்

1770இல் வியன்னாவில், மரியா தெரேசாவின் அரசவைக்கு வோல்ஃப்காங் வான் கெம்பெலன் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் தலைப்பாகை கட்டிய துருக்கிப் பொம்மை. கதவுகளைத் திறந்து பற்சக்கரங்களைக் காட்டுவார், மூடுவார், சாவி கொடுப்பார். பொம்மை சதுரங்கம் ஆடும், பெரும்பாலும் ஜெயிக்கும்.

உள்ளே ஓர் ஆள் இருந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் குறுகி உட்கார்ந்து, காய்களுக்கு அடியிலிருந்த காந்தத்தைக் கொண்டு எதிராளியின் நகர்வைத் தெரிந்துகொண்டு, பொம்மையின் கையை இயக்கினார்.

1809இல் நெப்போலியன் வேண்டுமென்றே தப்பாகக் காய் நகர்த்தினாராம். பொம்மை முதலில் காயைத் திருப்பி வைத்தது, அடுத்து காயையே எடுத்துவிட்டது, மூன்றாம் தடவை பலகையையே கலைத்துவிட்டது என்பார்கள். லயத்துப் பல்லாங்குழியில் "ஏமாத்துறியா நீ?" என்று புளியங்கொட்டையை வாரிக் கொட்டும் அக்காவின் கோபம்தான் அது. சனங்களை வசியப்படுத்தியதில் அந்தக் கோபத்துக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

நிஜமாகவே ஆளில்லாமல் ஆடியது, 1912இல் ஸ்பெயினின் டோரஸ் கெவேடோ செய்த இயந்திரம். ராஜாவையும் யானையையும் கொண்டு எதிராளியின் தனி ராஜாவை மடக்கும், அவ்வளவுதான். தப்பாக நகர்த்தினால் விளக்கு எரியும். மூன்று தப்புக்குப் பிறகு ஆடாது. நேர்மையான இயந்திரம், ஆனால் முகமில்லை.

முகத்தைக் கொடுத்தவர்களில் லிஸ்பன் ஆய்வாளர்களும் உண்டு. ஐகேட் என்ற மஞ்சள் பூனை ரோபோவைக் குழந்தைகளோடு சதுரங்கம் ஆடவைத்தார்கள். ஆட்டத்தின் போக்குக்கு ஏற்ப அதன் முகம் மாறும்.

2005இல் அமேசான், இணையவழிச் சில்லறை வேலைகளுக்கான தன் சந்தைக்கு 'மெக்கானிக்கல் டர்க்' என்று அந்தப் பொம்மையின் பெயரையே வைத்தது. இயந்திரங்களுக்குக் கற்பிப்பதற்காகப் படங்களுக்குப் பெயரிடும் வேலையை இந்தியாவிலும் கூலிக்கு ஆட்கள் செய்கிறார்கள். பெட்டி பெரிதாகிவிட்டது, உள்ளே ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டயரைப் பார்த்தவர்கள் பால்மரம் சீவியவரைப் பார்த்ததில்லை. அதனால் இது தோட்டத்துச் சனங்களுக்குப் புதுக்கதை இல்லை. இன்று புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பொறியியல் படிக்கும் பிள்ளை ஒருத்தி நாளைக்குப் பாட்டியோடு பல்லாங்குழி ஆடும் ரோபோ செய்யலாம், செய்யட்டும். அதற்கு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்த பாட்டிகளின் பெயரையும் அதன்மேல் எழுதிவைக்கட்டும்.

துருக்கிப் பொம்மைக்குள் கடைசிக் காலத்தில் ஆடியவர்களில் ஒருவர் ஷ்லும்பெர்கர். 1838இல் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். சனங்கள் கைதட்டியதெல்லாம் பொம்மைக்குத்தான்.